கேம்பர் யார் கையில்?

ஒரு காரின் முன்சக்கரம் தரைமேல் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற உரிமை யாருக்கு? அச்சை அடித்த கொல்லருக்கா, காரைச் செய்த கம்பெனிக்கா, பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குக்கா, ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறவருக்கா? வீல் அலைன்மென்ட்டின் இருநூறு வருடக் கதை முழுக்க இந்த ஒரு வழக்குதான். தீர்ப்பு பலமுறை மாறியிருக்கிறது.

எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. கோயம்புத்தூரில் அலைன்மென்ட் பட்டறை வைத்திருக்கிறேன். வாரநாளில் வருவதெல்லாம் “வண்டி லெஃப்ட்ல இழுக்குதுங்க” என்கிற குடும்பக் கார்கள். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓட்டும் நாள் நெருங்கினால் வேறு கூட்டம் வரும். உயரத்தை ஏற்றி இறக்கும் காயில்ஓவர், ஸ்ட்ரட்டின் தலையில் கேம்பர் பிளேட், நீளத்தைத் திருகி மாற்றும் லோயர் ஆர்ம் என்று எல்லாவற்றையும் முந்தின ராத்திரி பூட்டிவிட்டு, விடிந்ததும் ஷட்டர் முன்னால் நிற்பார்கள்.

“ரெண்டரை டிகிரி நெகட்டிவ் வெச்சுக் குடுத்துருங்ணா.”

“ஏந் தம்பி ரெண்டரை?”

“போட்டோல பார்த்தனுங்ணா. அப்படித்தான் இருந்துச்சு.”

இப்படிக் கேட்கிறவர்களுக்கு ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் சொல்ல நினைப்பதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் தூரத்தில் இருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பழைய குதிரை வண்டியில் முன் அச்சு முழுவதும் நடுவில் இருக்கும் ஒற்றை ஆணியில்தான் திரும்பும். கூர்மையாக வளைத்தால் அச்சு வண்டிக்கு அடியில் குறுக்காகப் போய், வண்டி கவிழும். மியூனிக்கில் வண்டி கட்டிக்கொண்டிருந்த கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர், அச்சை அசையாமல் வைத்து முனைகளில் உள்ள சக்கரங்களை மட்டும் தனித்தனியாகத் திருப்பும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார். லண்டனில் அவருக்கு முகவராக இருந்த ருடால்ஃப் ஆக்கர்மான் 1818இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆக்கர்மான் வண்ணப் படங்கள் அச்சிட்டு விற்றுப் பெயர் வாங்கியவர். கண்டுபிடித்தவர் பெயர் மறைந்து, மனுப் போட்டவர் பெயர் நிலைத்தது. வளைவில் உள்பக்கச் சக்கரம் வெளிச்சக்கரத்தைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும் என்ற கணக்கை இன்றைக்கும் ஆக்கர்மான் என்றுதான் சொல்கிறோம்.

சக்கரத்தின் சாய்வான கேம்பர் இதற்கும் மூத்தது. ஐரோப்பிய வண்டிகளின் மரச்சக்கரத்தைத் தட்டையாகச் செய்யமாட்டார்கள். குடத்தில் இருந்து ஆரக்கால்கள் கொஞ்சம் வெளிப்பக்கம் விரிந்து, சக்கரம் குழிவாக இருக்கும். பக்கவாட்டு உதையைத் தாங்க அதுதான் பலம். ஆனால் பாரம் தாங்கும் கீழ் ஆரக்கால் செங்குத்தாக நிற்க வேண்டுமே, அதற்காக அச்சின் முனையைக் கீழ்நோக்கி வளைத்தார்கள். சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்தது. நாங்கள் பாசிட்டிவ் கேம்பர் என்று சொல்வது அதைத்தான். தலை உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். அப்படிச் சாய்ந்த சக்கரம் நேராக உருளாது. வெளிப்பக்கம் வட்டமடித்து ஓடப் பார்க்கும். அதைத் தடுக்க அச்சுமுனையைச் சற்று முன்னோக்கியும் வளைத்து, சக்கரங்களின் முன்விளிம்பை உள்ளே இழுத்தார்கள். அது டோ-இன். ஒரு கோணம் செய்த தொல்லையை இன்னொரு கோணம் சரிக்கட்டுகிறது. கேம்பரை மாற்றினால் டோவையும் பார்க்க வேண்டும் என்ற விதி மோட்டாருக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

மூன்றாவது கோணமான காஸ்டர் 1896இல் வந்தது. பிரான்சைச் சேர்ந்த ஆர்தர் கிரெப்ஸ் ஒரு காப்புரிமை எடுத்தார். சக்கரம் திரும்பும் அச்சுக்கோட்டின் தலையைப் பின்னால் சாய்த்தால், அந்தக் கோடு தரையைத் தொடும் இடம் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழும். சக்கரம் அதன் பின்னால் இழுபட்டுத் தானாக நேராகும். வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் திரும்பி வருகிறதே, அது இந்த ஏற்பாட்டின் கொடை.

ஆக 1900 பிறக்கும்முன் மூன்று கோணமும் தயார். மூன்றும் அடிக்கப்பட்ட இரும்புக்குள் உறைந்திருந்தன. இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டை ராடைத் திருகி டோவை மாற்றலாம், அவ்வளவே. முதல் தீர்ப்பு கொல்லர் பக்கம்.

குழியில் விழுந்து அச்சு கோணினால், அந்த அச்சையே வளைத்து நிமிர்த்த வேண்டியதுதான். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ராக் ஐலண்டில் இருந்த பேர் கம்பெனி, அச்சைப் பழுக்கக் காய்ச்சாமலே வளைத்துச் சரிசெய்யும் கருவிகளைப் பட்டறைகளுக்கு விற்றது. சிரிக்கும் கரடி படம் போட்ட அதன் போர்டு, அங்கே அலைன்மென்ட் பட்டறைக்கே அடையாளமாகிப்போனது. என் தொழிலின் முன்னோர்கள் அவர்கள். கோணத்தை வைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. கம்பெனி வைத்த கோணத்தை மீட்டுத் தரும் வேலை மட்டும்.

1920களில் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. காற்றழுத்தம் குறைந்த, உப்பலான பலூன் டயர்கள் வந்தன. முன்சக்கரத்துக்கும் பிரேக் வந்தது. சொகுசு கூடியது, கூடவே ஷிம்மி என்கிற நடுக்கமும் வந்தது. ஒரே அச்சில் இரண்டு சக்கரம் இருந்தால், ஒன்று மேட்டில் ஏறும்போது இரண்டுமே சாயும். வேகமாகச் சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால் அது பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். அந்தத் திருப்பம் அச்சை மறுபடி சாய்க்கும். ஒன்றை ஒன்று தூண்டி, ஸ்டீயரிங் கையில் நிற்காமல் உதறும். பிரான்சில் ஜார்ஜ் புரூலியே 1925இல், டயர் பார்க்கும் திசையும் அது போகும் திசையும் ஒன்றல்ல என்பதை விளக்கினார். அந்த வித்தியாசத்தை ஸ்லிப் ஆங்கிள் என்கிறோம். டயரைப் பற்றிய இன்றைய அறிவெல்லாம் அங்கிருந்து கிளைத்தது.

ரோல்ஸ்-ராய்ஸில் வேலை பார்த்துவிட்டு 1930இல் அமெரிக்காவின் காடிலாக் கம்பெனிக்குப் போனார் மாரிஸ் ஆலி. முன்பக்கம் ஒரே அச்சு இருக்கும்வரை இந்த நடுக்கம் தீராது என்று நிறுவி, ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாகத் தொங்கவிட்டார். மேலே குட்டையாக ஒரு ஆர்ம், கீழே நீளமாக ஒரு ஆர்ம். 1934 மாடல் காடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் இது வந்தது. அதே வருடம் செவர்லேயும் பான்டியாக்கும் ஆந்த்ரே டுபோனேயின் வேறொரு ஏற்பாட்டை எடுத்துக்கொண்டன. டுபோனே மதுபானக் குடும்பத்து வாரிசு, போர் விமானி, ரேஸ் ஓட்டியவர்.

வழக்கின் தீர்ப்பு இங்கேதான் முதன்முறையாகப் புரண்டது. இரண்டு ஆர்ம் வந்ததும் கேம்பரும் காஸ்டரும் இரும்பின் உறைவிலிருந்து விடுபட்டன. ஆர்மின் பிடிமானத்துக்கு அடியில் ஒரு ஷிம் தகடு வைத்தால் கேம்பர் மாறும். முன்னால் ஒன்று பின்னால் இரண்டு என்று ஏறுமாறாக வைத்தால் காஸ்டர் மாறும். கம்பெனிக்காரர்களே இதை மெக்கானிக் கையில் கொடுத்தார்கள், ஏனென்றால் தங்கள் வெல்டிங்கும் அச்சுவார்ப்பும் ஒவ்வொரு காரிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று அவர்களுக்கே தெரியும். செயின்ட் லூயியில் பேட்டரி சார்ஜரில் தொடங்கிய லீ ஹன்டரின் கம்பெனி, அலைன்மென்ட் கருவிகளில் பெரிய பெயராக வளர்ந்தது இந்தச் சந்தையில்தான்.

நம் ஊருக்கும் அந்தக் காலம் வந்தது. மதராஸின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961இல் இருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டைச் செய்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு அது. கீழ் ஆர்மின் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஷிம் போட்டுக் கேம்பர் வைப்பார்கள். அடியில் பால் ஜாயின்ட் கிடையாது, மரை வெட்டிய பித்தளை ட்ரனியன் இருக்கும். அதற்கு கிரீஸ் அடித்தால் ஆயுள் குறையும், கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். டிரையம்ஃபின் அந்த முன்சக்கரத் தாங்கியைத்தான் காலின் சாப்மன் தன் லோட்டஸ் எலானுக்கும் எடுத்துக்கொண்டார். மதராஸ் டாக்டர் வீட்டு ஹெரால்டும் உலகம் கொண்டாடிய ஸ்போர்ட்ஸ் காரும் அந்த ஒரு உறுப்பில் உறவுக்காரர்கள். சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களுக்குக் கார் தயார் செய்த தலைமுறை, ஷிம் தகடைக் கையில் எண்ணித்தான் கற்றது.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மேஸ்திரி அந்தத் தலைமுறை. அவரிடம் மெஷின் இல்லை. நூல், தூக்குக்குண்டு, ரசமட்டம், ஸ்கேல். கொத்தனார் சாமான்தான் எல்லாம். காரின் இரு பக்கமும் நூலை நீளவாட்டில் கட்டி, காரின் நடுக்கோட்டுக்கு இணையாக்கி, ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் டோ. தூக்குக்குண்டை டயர் பக்கத்தில் தொங்கவிட்டு ரிம்மின் மேல்விளிம்பு, கீழ்விளிம்பு இடைவெளிகளைக் கழித்தால் கேம்பர். 400 மி.மீ. ரிம்மில் 7 மி.மீ. வித்தியாசம் என்றால் ஒரு டிகிரி. காஸ்டரை நேராக அளக்க முடியாது. சக்கரத்தை 20 டிகிரி உள்ளே திருப்பி ஒரு கேம்பர், 20 டிகிரி வெளியே திருப்பி ஒரு கேம்பர் எடுத்து, வித்தியாசத்தை ஏறத்தாழ ஒன்றரையால் பெருக்க வேண்டும். இன்றைய கேமரா மெஷினும் சக்கரத்தை இரண்டு பக்கமும் திருப்பச் சொல்வது இதே கணக்குக்காகத்தான்.

இப்படி மெக்கானிக் கைக்கு வந்த உரிமையை ஒரே மனிதரின் வடிவமைப்பு திரும்பப் பறித்தது. எர்ல் மேக்ஃபெர்சன் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சின்னக் கார் திட்டத்தில் இருந்தார். திட்டம் கைவிடப்பட, 1947இல் ஃபோர்டுக்குப் போனார். மேல் ஆர்மையே நீக்கிவிட்டு, ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் ஸ்ட்ரட் என்கிற ஒரே தூணாக்கி, அதன் தலையை நேராகப் பாடியில் பூட்டினார். 1950இல் இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களில் அது பரவலாகத் தெரியவந்தது. உறுப்புகள் குறைவு, விலை குறைவு, எஞ்சினுக்கு இடம் தாராளம். தூணின் தலை பாடியில் போல்ட் போட்ட இடத்தில், கீழ் ஆர்ம் ஒரே நீளத்தில். கேம்பர் மறுபடி உறைந்தது. இந்த முறை உறைந்தது பாடி ஷீட்டில்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது நம்மூர்ப் பட்டறைகளும் இந்தத் தீர்ப்பைப் பெற்றுக்கொண்டன. முன்னால் ஸ்ட்ரட், திருகக் கிடைத்தது டோ மட்டும். அலைன்மென்ட் என்றாலே டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி முறுக்குவது என்று ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

பறிபோனதை மீட்கும் கதைக்கு எனக்குப் பிடித்த கார் டாட்சன் 240இசட். 1969 அக்டோபரில் நிஸ்ஸான் அதை வெளியிட்டது. அமெரிக்காவில் விலை 3,526 டாலர். ஆறு சிலிண்டர், நீளமான மூக்கு, முன்னாலும் பின்னாலும் ஸ்ட்ரட். பின்பக்கத்துக்குச் சாப்மன் பெயரிலேயே வழங்கும் ஸ்ட்ரட் வகை. நான்கு சக்கரத்தில் கம்பெனி திருகத் தந்தது முன் டோ ஒன்றுதான். கேம்பர், காஸ்டர், பின் டோ எதுவும் கிடையாது. தொழிற்சாலை வைத்ததே சட்டம்.

அந்தச் சட்டத்தோடு அது சாதித்ததும் சாதாரணமில்லை. 1971 ஈஸ்ட் ஆப்பிரிக்கன் சஃபாரி ராலியை எட்கர் ஹெர்மன் அதில் வென்றார். 1973இல் கம்பாலாவில் பிறந்த இந்திய வம்சாவளி ஷேகர் மேத்தா வென்றதும் அதே காரில். ஆனால் மண்சாலையில் உயரமாக நின்று ஓடுவது ஒரு வேலை, தார் டிராக்கில் தரையோடு ஒட்டி ஓடுவது வேறு வேலை. கலிஃபோர்னியாவின் எல் செகுண்டோவில் பீட்டர் பிராக் நடத்திய பி.ஆர்.இ. குழு 240இசட்டை டிராக்கில் இறக்கியது. ஜான் மார்ட்டன் 1970, 1971 இரண்டு வருடமும் அமெரிக்காவின் சி-புரொடக்‌ஷன் பிரிவில் தேசிய சாம்பியனானார். அதைப் பார்த்துத் தாங்களும் டிராக்கில் இறங்க நினைத்தவர்கள் முதலில் காரைத் தாழ்த்தினார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

ஸ்ட்ரட் காரைத் தாழ்த்தினால் கீழ் ஆர்மின் வெளிமுனை மேலேறிவிடும். பிறகு வளைவில் பாடி சாயும்போது, வெளிப்பக்கச் சக்கரம் நெகட்டிவ் பக்கம் போவதற்குப் பதிலாகப் பாசிட்டிவ் பக்கம் நழுவும். எந்தச் சக்கரத்தில் பாரம் முழுவதும் நிற்கிறதோ, அதுவே ஓரத்தில் நிற்கும். டை ராடின் சாய்வும் மாறிப்போவதால் மேடு ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். அதற்குப் பம்ப் ஸ்டீயர் என்று பெயர். இதற்கெல்லாம் மருந்தாகத்தான் இசட் காரர்களுக்கு ஒவ்வொரு உறுப்பாகக் கிடைக்கத் தொடங்கியது. ஸ்ட்ரட்டின் தலையை உள்ளே தள்ளக் கேம்பர் பிளேட், நீளம் மாற்றும் கீழ் ஆர்ம், காஸ்டருக்காக நீளம் மாற்றும் டென்ஷன் ராடு, ஸ்ட்ரட்டுக்கும் ஸ்டீயரிங் ஆர்முக்கும் நடுவே ஸ்பேசர்.

இந்த உறுப்புகளின் முனையில் இருக்கும் சின்ன உருண்டை ஜாயின்ட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1940இல் பிரிட்டிஷார் சுட்டு வீழ்த்திய ஜெர்மன் விமானம் ஒன்றில் அது கிடைத்தது. அதைச் செய்யும் உரிமை கெய்ன்ஸ்பரோவின் ரோஸ் பிரதர்ஸுக்குப் போனது. பொட்டலம் கட்டும் மெஷின்கள் செய்துகொண்டிருந்த கம்பெனி அது. அமெரிக்காவில் ஹைம் கம்பெனி செய்தது. அதனால்தான் ஒரே சாமானை ஒருவர் ரோஸ் ஜாயின்ட் என்பார், இன்னொருவர் ஹைம் ஜாயின்ட் என்பார். ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை வெட்டிய கம்பியில் இரண்டை மாட்டினால், கழற்றாமலே திருகி நீளத்தை மாற்றலாம். கோணத்தை ஓட்டுகிறவர் கைக்கே கொண்டுவந்தது இந்தத் திருகுதான்.

இப்போது தம்பிகளுக்கு வருகிறேன். இந்தச் சாமான்களைப் பூட்டிய நிமிடத்தில் கம்பெனியின் தீர்ப்பு ரத்தாகிவிட்டது. என் மெஷின் திரையில் வரும் பச்சையும் சிவப்பும் கம்பெனி உயரத்துக்கு, கம்பெனி ஆர்ம் நீளத்துக்கு எழுதப்பட்ட எண்கள். நாற்பது மி.மீ. தாழ்த்திய காரில் திரை பச்சை காட்டினாலும் அதற்குப் பொருளில்லை. இனி வடிவமைப்பாளர் நீங்கள். ஆகவே அவர்கள் செய்த வேலையை வரிசையாகச் செய்ய வேண்டும்.

முதலில் ஆட்டம் பார்ப்பேன். புஷ், பால் ஜாயின்ட், பேரிங்கில் ஆட்டம் இருந்தால் எந்தக் கோணமும் நிற்காது. டயர் காற்று, ஓட்டும் அளவுக்குப் பெட்ரோல், டிரைவர் சீட்டில் ஆள் எடை. பிறகு உயரம். உயரம் மாறினால் மற்ற எல்லாமே மாறும் என்பதால் அதுதான் அடித்தளம். காயில்ஓவரைத் திருகியதும் காரை முன்னும் பின்னும் உருட்டி, சஸ்பென்ஷன் தன் இடத்தில் அமர விட வேண்டும். ஜாக்கியில் இருந்து இறக்கியவுடன் அளந்தால் டயர் இறுகி நின்று பொய் சொல்லும். அடுத்து பின்சக்கரம், முதலில் கேம்பர், பிறகு டோ. பின் டோ ஒருபக்கம் மட்டும் தவறினால் கார் நண்டு மாதிரி குறுக்கே ஓடும், முன்னால் என்ன சரிசெய்தாலும் ஸ்டீயரிங் நேராக நிற்காது. அதன் பிறகே முன் காஸ்டர், முன் கேம்பர், கடைசியில் ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டிவைத்து முன் டோ.

டோ ஏன் கடைசி என்றால், மற்ற எதைத் தொட்டாலும் அது அசையும். கீழ் ஆர்மை நீட்டிக் கேம்பர் வைத்தால் டை ராடு பழைய நீளத்திலேயே நிற்க, சக்கரம் திரும்பிவிடும். டயரைத் தின்பதும் பெரும்பாலும் அதுதான். 600 மி.மீ. விட்டமுள்ள டயர்களில் மொத்த டோ 3 மி.மீ. என்று வையுங்கள். ஒரு கிலோமீட்டர் ஓடும்போது இரண்டு டயரும் சேர்ந்து 5 மீட்டர் பக்கவாட்டில் தேய்கின்றன. நெகட்டிவ் கேம்பர் உள்விளிம்பைத் தின்றுவிட்டது என்று கொண்டுவரும் டயர்களில் நான் முதலில் சந்தேகப்படுவது டோவை. கேம்பரை மாற்றிய பின் யாரும் தொடாமல் விட்ட டோ.

கேம்பர் எத்தனை என்பதற்கு வருவோம். டிராக்கில் நன்றாகச் சூடேற ஓட்டி, உடனே பிட்டுக்கு வந்து, டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றிலும் ஊசி வைத்து வெப்பம் அளக்க வேண்டும். வெளிவிளிம்பு கொதித்தால் நெகட்டிவ் போதவில்லை. உள்விளிம்பு அளவுக்கு மீறிக் கொதித்தால் கூடிப்போய்விட்டது, பிரேக் பிடிக்கும்போதும் டயர் முழுசாகத் தரையில் படவில்லை. நடு மட்டும் தனியாகச் சூடென்றால் காற்று அதிகம். காரின் எடை, ஸ்பிரிங், டயர் ரகம், டிராக் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த மூன்று எண் பதில் சொல்லும். ஒருவருக்கு ரெண்டரை சரியாக இருக்கலாம், அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவருக்கு ஒன்றரையே அதிகமாக இருக்கலாம்.

ஒவ்வொரு முறையும் லாக் நட்டை இறுக்கி, மஞ்சள் பெயின்ட்டால் கோடு போட்டு, ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறேன். நான்கு மூலை உயரம், நான்கு கேம்பர், காஸ்டர், முன் டோ, பின் டோ, டயர் காற்று, தேதி. பலர் அதை டேஷ்போர்டில் செருகிவிட்டு மறந்துவிடுகிறார்கள். கம்பெனி வைத்த எண் தொலைந்தால் எந்தப் பட்டறையிலும் கேட்டு வாங்கலாம், அது லட்சம் கார்களுக்குப் பொது. நீங்கள் வைத்த எண் உங்கள் ஒரு காருக்கு மட்டுமே உள்ளது, அதைக் காப்பாற்ற வேறு யாரும் கிடையாது. கோணத்தை முடிவு செய்யும் உரிமை கேட்டு வாங்கியவர், அதை எழுதி வைக்கும் வேலையையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறார்.